கிரீம் ஒத்துக்கொள்ளாமல் போனால்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

2014-ல் இரண்டு மாதம் நான் கத்தரிக்காயைத் தொடவில்லை. கருவாட்டை வீட்டுக்குள் விடவில்லை. இறால் பக்கமே போகவில்லை. கண் இமை இரண்டும் வீங்கி, தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து, ராத்திரி முழுக்க அரிப்பு. ஊரிலிருந்து மாமியார், “உனக்குச் சூட்டு உடம்பும்மா, கத்தரிக்காயை நிறுத்திப் பாரு” என்றார். நிறுத்தினேன். அரிப்பு நிற்கவில்லை.

கடைசியில் பிடிபட்டது கைக்குப் பூசும் ஒரு கிரீம். ஏர்கான் அலுவலகத்தில் கை வறண்டு போகிறதே என்று இரண்டு வருடமாகத் தடவிக்கொண்டிருந்தது. கையில் ஒரு தடிப்புக்கூட இல்லை. உள்ளங்கைத் தோல் தடிமனானது, அதனால் தாங்கிக்கொண்டது. அதே கையால் கண்ணைக் கசக்கியபோது, உடம்பிலேயே மெல்லிய தோலான இமை தாங்கவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம், தோல் அரித்தால் எல்லாரும் கேட்கும் கேள்வி “புதுசா என்ன போட்டே?” என்பதுதான். பாதி நேரம் அது தப்பான கேள்வி. அலர்ஜி முதல் நாளே வராது. ஒரு பொருளை உடம்பு ‘இது எனக்கு ஆகாது’ என்று முடிவுகட்ட இரண்டு வாரமும் ஆகலாம், பத்து வருடமும் ஆகலாம். “அஞ்சு வருஷமா இதைத்தானே போடறேன், இதுவா?” என்று கேட்காதவரை நான் பார்த்ததில்லை. ஆமாம், அதுவாகவே இருக்கலாம்.

முதலில், அவசரமா என்று பாருங்கள்

கிரீமால் உயிருக்கு ஆபத்து வருவது அபூர்வம். வந்தால் நிமிடக் கணக்கில் வரும். உதடு, நாக்கு, தொண்டை வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, தலை சுற்றி மயக்கம் வருவது, உடம்பெங்கும் தடிப்போடு வாந்தி எடுப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 995. குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்ஸ் வரும். புளோக் எண், மாடி, வீட்டு எண், அஞ்சல் குறியீடு நாலையும் தயாராக வைத்துக்கொண்டு பேசுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டு எண்ணே மறந்துபோகும், அதனால் தங்குமிடத்துக்கு வந்த முதல் வாரமே போனில் எழுதி வையுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம், நடக்க மட்டும் விடாதீர்கள். ஏற்கெனவே டாக்டர் கொடுத்த அட்ரினலின் ஊசி இருந்தால் வெளித்தொடையில் போட்டுவிட்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள்.

மூச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் தலைச்சாயம் போட்ட மறுநாள் முகம் ஊதி கண் திறக்க முடியவில்லை என்றால் அது வேறு. 995 வேண்டாம், ஆனால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எரிச்சலா, அலர்ஜியா?

இந்த இரண்டையும் நாம் ஒரே பெயரில் ‘அலர்ஜி’ என்று சொல்லிவிடுகிறோம். வித்தியாசம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பூசிய சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ சுரீரென்று எரிகிறது, பூசிய இடத்தில் மட்டும் தோல் காய்ந்து வெடிக்கிறது என்றால் பெரும்பாலும் அது வெறும் எரிச்சல். முகச் சுருக்கத்துக்குப் போடும் ரெட்டினால், அமிலம் கலந்த சீரம், தலைவலித் தைலத்தை முகத்தில் தேய்ப்பது, இவையெல்லாம் இந்த வகை. அளவைக் குறைத்தால், நாள்விட்டு நாள் போட்டால் சிலருக்குச் சரியாகிவிடும்.

அலர்ஜி தாமதமாக வரும், ஒன்று முதல் மூன்று நாள் கழித்து. எரிவதைவிட அரிக்கும். பூசிய எல்லையைத் தாண்டிப் பரவும். வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டு மேக்கப்புக்கு ஞாயிற்றுக்கிழமை முகம் வீங்கும். நடுவில் சனிக்கிழமை சாப்பிட்ட பிரியாணிமேல் பழி விழும். அலர்ஜியில் அளவைக் குறைத்துப் பயனில்லை. கடுகளவு போட்டாலும் திரும்ப வரும்.

மூன்றாவதாக, காணாக்கடி மாதிரித் தடிப்புத் தடிப்பாக உடனே எழும்பி, ஒவ்வொரு தடிப்பும் ஒரு நாளுக்குள் தடம் தெரியாமல் மறைவது. செட்ரிசின், லோராடடின் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்வது இதற்குத்தான். தாமதமாக வரும் அலர்ஜிக்கு அவை பெரிதாக உதவாது. தூக்கம் வரவைக்கும் பழைய வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு லாரி ஓட்டுவதோ, சாரத்தில் ஏறுவதோ கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் நிறத்தில் இது எப்படித் தெரியும்

மருத்துவப் படங்களில் எல்லாம் இளஞ்சிவப்புத் தோலில் செக்கச் சிவந்த திட்டு. நம் தோலில் அப்படித் தெரியாது. கரும்பழுப்பாக, சில சமயம் கத்தரிப்பூ நிறத்தில், அல்லது சாம்பல் பூத்தாற்போல இருக்கும். ‘சிவக்கவே இல்லையே, அலர்ஜி இல்லை’ என்று முடிவுகட்டி, அதே கிரீமை இன்னும் பூசியவர்களை எனக்குத் தெரியும். கண்ணைவிட விரலை நம்புங்கள். புறங்கையால் தடவிப் பார்த்தால் அந்த இடம் சூடாக, சொரசொரப்பாக, மற்ற இடத்தைவிடத் தடித்து இருக்கும். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் சின்னச் சின்ன மேடுகள் நிழலோடு தெரியும்.

ஆறிய பிறகு கறுப்புத் தடம் மாதக்கணக்கில் நிற்கும். அது நோய் அல்ல, தடம்தான். வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் தானாக மங்கும். அதை அவசரமாகப் போக்க வெள்ளையாக்கும் கிரீம் வாங்கப் போவதுதான் அடுத்த விபத்து.

இந்த ஊர்ப் புழுக்கத்தில் வேறு சிலவும் அலர்ஜி வேடம் போடும். வந்த முதல் மாதத்தில் முதுகிலும் கழுத்திலும் பொடிப்பொடியாக வருவது பெரும்பாலும் வேர்க்குரு. நடுவில் தெளிந்து ஓரம் மட்டும் வளையமாகப் பரவினால் படர்தாமரை. ராத்திரியில் அரிப்பு கூடுகிறது, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இருக்கிறது, அறையில் இன்னும் இரண்டு பேர் சொறிகிறார்கள் என்றால் சிரங்கு. அதற்கு எல்லாரும் ஒன்றாக மருந்து போட வேண்டும், ஒருவர் மட்டும் போட்டுப் பயனில்லை.

கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். முட்டிவலிக்குப் போடும் கீட்டோபுரோஃபென் ஜெல்லோ பிளாஸ்திரியோ போட்ட இடத்தில் வெயில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் போட்டுவிடும். நிறுத்தி இரண்டு வாரம்வரை அந்த இடத்தைத் துணியால் மூடித்தான் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் நிறுத்துவது

எதில் சந்தேகம் என்று யோசிக்காமல், தோலில் தங்கும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒன்றை மட்டும் நிறுத்துவது வீண்வேலை, ஏனென்றால் ஒரே வாசனைப் பொருள், ஒரே பதப்படுத்தி (கிரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது) நான்கைந்து ட்யூப்களில் இருக்கும்.

நான் செய்தது இதுதான்: சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, வீட்டில் உடம்பில் படும் அத்தனையையும் கொண்டுவந்து அடுக்கினேன். ஐந்தாறு இருக்கும் என்று நினைத்தேன். பத்தொன்பது தேறியது! குளியலறை, கைப்பை, அலுவலக மேசை மட்டுமல்ல, குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள், வீட்டுக்காரரின் ஷேவிங் லோஷன், சாமி அலமாரிச் சந்தனமும் குங்குமமும், ஸ்டிக்கர் பொட்டு, மருதாணிக் கூம்பு. அடுத்தவர் பூசுவதும் நம்மேல் ஒட்டும், தலையணை உறை வழியாகவும். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதில் தலைச்சாயத்தில் உள்ள பிபிடி கலந்திருக்கக்கூடும். அதைக் கையில் கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு ஒரு பையில் போட்டுக் கட்டுங்கள், தூக்கி எறியாதீர்கள். டாக்டருக்கு அந்த ட்யூப்கள் வேண்டும். தோலையும் தினம் ஒரே வெளிச்சத்தில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளில் பார்த்து அது அடங்கியிருக்கும், அது அதன் வழக்கம்.

பொறுமை வேண்டியது இங்கேதான். நிறுத்தி நாலு நாளில் சரியாகவில்லை, ‘அப்போ கிரீம் இல்லை’ என்று மறுபடி தொடங்கிவிடுகிறோம். கிளம்பிய அலர்ஜி அடங்க இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். அதற்குமுன் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அதுவரை தணிப்பது

பூசியதை இளஞ்சூட்டுத் தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. பனிக்கட்டியை நேரே வைக்காதீர்கள். பிறகு வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, வாசனை சேர்க்காதது. பார்க்கப் பிசுபிசுப்பு, ஆனால் அலர்ஜி தருவதில் அதைப்போலச் சாதுவான பொருள் குறைவு. சோடியம் லாரில் சல்பேட் கலந்த அக்குவஸ் கிரீம் கையில் இருந்தால் அதைச் சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவலாம். பூசி அப்படியே விட்டால் சிலருக்கு எரியும்.

மஞ்சள், வேப்பெண்ணெய், எலுமிச்சை, பற்பசை, தைலம், டெட்டால் எதுவும் வேண்டாம். பாட்டி வைத்தியத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. ரசத்துக்கு மிளகு, வயிற்றுக்கு ஓமம் எல்லாம் சரி. உடைந்த தோலுக்கு மட்டும் எதுவும் புதிதாகக் காட்டாதீர்கள். ‘இயற்கை’ என்று எழுதியிருப்பதால் அலர்ஜி வராது என்றில்லை. டீ ட்ரீ எண்ணெய், லவெண்டர் எண்ணெய் எல்லாம் பெயர்போன குற்றவாளிகள். காயத்துக்குப் போடும் நியோமைசின் களிம்பே சிலருக்கு அலர்ஜி தரும். புண் ஆறவில்லை என்று அதையே மேலும் மேலும் பூசிக்கொண்டிருப்பார்கள்.

அரிப்பு தாங்கவில்லை என்றால் மருந்துக் கடையில் பார்மசிஸ்ட் இருக்கும் நேரமாகப் போய், 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் பற்றிக் கேளுங்கள். மெல்லியதாக, நாளைக்கு ஒன்றிரண்டு முறை, ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். அளவு தெரியாவிட்டால், ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். இமை, பிறப்புறுப்பு, சீழ் வைத்த இடம், கைக்குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

பெட்டியில் வந்த ட்யூப்

இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வரும்போது அரிசி மாவுக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் ஒரு தோல் மருந்து ட்யூபும் வரும். படர்தாமரை, அரிப்பு, முகப்பரு எல்லாவற்றுக்கும் அதுவே. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது வலுவான ஸ்டீராய்டு, கூடவே பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று சேர்த்திருப்பார்கள். இரண்டே நாளில் அரிப்பு பறந்துபோகும். அதனால்தான் அதன்மேல் அவ்வளவு பாசம். முகத்திலும் தொடையிடுக்கிலும் வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, இரத்தக்குழாய் தெரிந்து, படர்தாமரையோ அடையாளம் மாறி, தெரியாமலே பரவும். நிறுத்திய மறுவாரம் பழையதைவிட மோசமாகக் கிளம்பும்.

இணையத்தில் விற்கும் சில ‘மூலிகை’க் கிரீம்களிலும் இதே கதை, அங்கே லேபிளில் கூட இருக்காது. மருந்துகளையும் அழகுப் பொருள்களையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான சுகாதார அறிவியல் ஆணையம் (எச்எஸ்ஏ) இப்படிச் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது, குழந்தைகளின் எக்ஸிமா என்னும் தோல் அழற்சிக்கு என்று விற்றவையும் அதில் உண்டு. வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் பிடிபட்டிருக்கின்றன. மந்திரம் போட்டாற்போல ஒரே நாளில் வேலை செய்யும் கிரீமைச் சந்தேகப்படுங்கள். மாதக்கணக்கில் பூசியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல், டாக்டரிடம் ட்யூபைக் காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை: இங்கே கடையில் விற்கிறது என்றால் அரசாங்கம் சோதித்துப் பார்த்துவிட்டது என்பது. அழகுப் பொருள்களை விற்குமுன் நிறுவனம் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். பாதுகாப்புக்குப் பொறுப்பு நிறுவனத்துடையது. உங்களுக்கு மோசமாக ஏதாவது ஆனால் ஆணையத்துக்குத் தெரிவிக்கலாம்.

எங்கே போவது

முகம், கண், பிறப்புறுப்பு, கொப்புளம் உடைந்து நீர் வடிவது, சீழ், காய்ச்சல், ஒரு வாரம் கழித்தும் அடங்காதது, திரும்பத் திரும்ப வருவது: இவை மருந்துக் கடையோடு நிற்கக் கூடாதவை. பக்கத்துத் தனியார் மருந்தகத்துக்கோ (கிளினிக்) அரசின் பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) போங்கள். தங்குவிடுதியில் இருப்பவர்களுக்கும், கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் முதலாளி எடுத்துத்தர வேண்டிய அடிப்படை மருத்துவத் திட்டம் 2022 முதல் இருக்கிறது. எந்த மருந்தகம் என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். பணிப்பெண்ணாக இருக்கும் தங்கைகளுக்கு: உங்கள் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு, கேட்கத் தயங்க வேண்டாம். சிமெண்டு, ரப்பர் கையுறை, எபாக்சி பசை படும் வேலை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். காரணம் கிரீமாக இல்லாமல் வேலையாகவும் இருக்கலாம்.

பெரிய இடம் என்றால் நொவீனா பக்கம் மண்டலே ரோட்டில் இருக்கும் தேசிய சரும நிலையம். பலதுறை மருந்தகத்திலிருந்து கடிதம் வாங்கிப் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு முழுக் கட்டணம், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே கேட்க வேண்டியது பேட்ச் டெஸ்ட். ‘அலர்ஜி பேக்கேஜ்’ என்று இரத்தம் எடுத்து இறாலுக்கும் தூசிக்கும் எண் போட்டுத் தரும் சோதனை வேறு. தாமதமாக வரும் கிரீம் அலர்ஜி அதில் தெரியாது. எனக்குத் திங்கட்கிழமை முதுகில் வரிசை வரிசையாகச் சின்ன வில்லைகளை ஒட்டி, மேலே பேனாவால் கோடு போட்டு அனுப்பினார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு பொருள், துளியளவு. புதன்கிழமை பிரித்துப் பார்த்தார்கள், வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்தார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. சிங்கப்பூரில்! பகலெல்லாம் ஏர்கானுக்கு அடியில் உட்கார்ந்து, துணியை நனைத்துக் கைகாலை மட்டும் துடைத்துக்கொண்டு ஓட்டினேன். புதன்கிழமை ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வில்லை இருந்த இடத்தில் எட்டணாக் காசு அகலத்துக்குத் தடித்து, நடுவில் பொடிக் கொப்புளம். “மெத்தில்ஐசோதையாசோலினோன்” என்றார் டாக்டர். திருப்பிச் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை, எழுதிக் கொடுத்தார்.

போகும்போது கட்டி வைத்த அந்தப் பையையும் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, முதுகில் ஸ்டீராய்டு பூசியிருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள், முடிவு பொய்யாகிவிடும்.

லேபிளைப் படிப்பதும் திரும்பத் தொடங்குவதும்

எனக்கு வந்தது ஒரு பதப்படுத்தி. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-ல் அதைத்தான் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-லிருந்து தோலில் தங்கும் கிரீம்களில் அதைத் தடைசெய்துவிட்டது. ஷாம்பு மாதிரிக் கழுவிவிடுபவற்றில் சிறிதளவு இருக்கலாம். பாத்திரம் கழுவும் திரவத்திலும் சுவர் பெயிண்டிலும் உண்டு. வாடகைக்கு எடுத்த வீட்டில் புதிதாக வெள்ளையடித்திருந்தால், எதையும் தொடாமலே என் இமை அரிக்கத் தொடங்கிவிடும்.

லேபிளில் பொருள் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், எழுத்தும் எறும்பு அளவு. போனில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். முதலில் தேட வேண்டியவை: ஃபிராக்ரன்ஸ் அல்லது பர்ஃப்யூம், லினலூல், லிமோனீன், ‘ஐசோதையாசோலினோன்’ என்று முடியும் எதுவும், டிஎம்டிஎம் ஹைடான்டோயின், லனோலின், புரோபிலீன் கிளைகால், சோப்பு வகைகளில் கொகாமிடோபுரோபைல் பீட்டைன். ‘அன்சென்டட்’ என்றால் வாசனை தெரியவில்லை என்றுதான் பொருள், நாற்றத்தை மறைக்க ஏதாவது சேர்த்திருக்கலாம். உங்களுக்கு வேண்டியது ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்ற சொல்லுக்கு நான் காசு கொடுப்பதில்லை.

தோல் முழுக்க ஆறிய பிறகு பழைய பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவரலாம், பூசிக் கழுவாமல் அப்படியே விடும் வகைகளை மட்டும். முழங்கையின் உள்மடிப்பில் ஒரு வெள்ளி (டாலர்) காசு அகலத்துக்கு, காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை, ஒன்றிலிருந்து இரண்டு வாரம். அரித்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். ஒன்றும் இல்லை என்றால் முகத்துக்குப் போகலாம், அப்புறம் அடுத்த ட்யூப். ஷாம்பு, சோப்பு, தலைச்சாயத்தை இப்படிப் பூசி வைக்காதீர்கள், எரிந்து புண்ணாகிவிடும். முதலில் கொப்புளம் போட்டு வீங்கியவர்கள் இதை வீட்டில் செய்யவே வேண்டாம், டாக்டர் முன்னால்தான்.

பேட்ச் டெஸ்டில் பெயர் தெரிந்துவிட்டால் அந்தத் தாளைப் படமெடுத்துப் போனில் முதல் படமாக வைத்துக்கொள்ளுங்கள். சலூனிலும் பல் டாக்டரிடமும் காட்ட வேண்டிவரும். வழக்கமாக வாங்கும் அதே பாட்டிலாக இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அதே பெயர், அதே மூடி, அதே விலையில் உள்ளே இருக்கும் சேர்மானத்தை மாற்றிவிடுகிறார்கள். போன வருடம் தேக்காவில் (லிட்டில் இந்தியா) அவசரத்தில் எடுத்துப்போட்ட பாத்திரத் திரவத்தை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். இப்போது அது பக்கத்து வீட்டு அக்காவின் சமையலறையில் இருக்கிறது, அவருக்கு ஒன்றும் செய்யவில்லை.